சீமைக்கருவேல் எந்த ஊர் விதை? ராமநாதபுரம் கரையில் மரபணு மாதிரி எடுக்க யோசனை தேவை

முகவைத் தாவரம்:

வணக்கம். தொண்டி, தேவிபட்டினம், உச்சிப்புளி, சேதுக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று ஆறு இடங்களில் சீமைக்கருவேல் இலை எடுத்து, நம் கரையில் நிற்கும் மரத்தின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தில் எந்தப் பக்கம் என்று மரபணு வழியாகப் பார்க்கத் திட்டம். முதுகலை ஆய்வேடு, எட்டு மாதம் அவகாசம். கல்லூரியில் டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் எந்திரம், ஜெல் பெட்டி, மையவிலக்கு இருக்கின்றன. வரிசை வாசிக்க வெளியே கொடுக்க வேண்டும்.

இடத்துக்கு 5 மரம், மொத்தம் 30. ஐடிஎஸ் என்ற உட்கரு டிஎன்ஏ பகுதியைப் பெருக்கி, வரிசை வாங்கி, ஜென்பேங்க் என்ற வரிசைக் களஞ்சியத்தில் பிளாஸ்ட் என்ற ஒப்பீட்டுத் தேடல் போட்டு, எந்த நாட்டுப் பதிவோடு அதிகம் ஒத்துப்போகிறதோ அதைப் பூர்வீகமாக எடுத்துக்கொள்வதாக எண்ணம்.

30 மரம் போதுமா? ஐடிஎஸ் சரியான தேர்வா? கடற்காற்றில் இலை ஒழுங்காகக் காய்வதில்லை, இரண்டு நாளில் கறுத்துவிடுகிறது, அதற்கு என்ன வழி? ஜமைக்காவில் இருந்து விதை வந்தது என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள், அதைச் சோதிக்க முடியுமா? பூச்சி விட்டுக் கட்டுப்படுத்தும் வேலைக்கு இந்த ஆய்வு உதவும் என்று முன்னுரையில் எழுதலாமா?

நாலுமடி:

பிளாஸ்டை முதலில் ஓரம் வையுங்கள். பதிவேற்றிய வரிசைகளுக்குள் உங்களுடையதற்கு நெருக்கமானது எது என்பதை மட்டுமே அது சொல்லும். மெக்சிகோவில் இருந்து பத்துப் பதிவு இருந்து, பெருவில் இருந்து ஒன்றும் இல்லாவிட்டால் உங்கள் மரம் மெக்சிகோ மரம் ஆகிவிடும். போதாததற்கு, சீமைக்கருவேல் சேர்ந்த புரோசோபிஸ் கூட்டத்தில் பதிவின் மேல் இருக்கும் பெயரையே நம்ப முடியாது. ஜூலிஃப்ளோரா (சீமைக்கருவேலுக்கு வழக்கமாகச் சொல்லும் பெயர்), பல்லிடா, சிலென்சிஸ் என்ற மூன்று இனங்களையும் மாற்றி மாற்றி எழுதியவர்கள் நிறைய. பிரேசிலின் வடகிழக்கில் நெடுங்காலம் ஜூலிஃப்ளோரா என்று சொல்லப்பட்ட மரம் பிற்பாடு பல்லிடா என்று தெரிந்தது. பெயரே தப்பாக இருக்கும் பதிவை வைத்து நாட்டைச் சொல்லி என்ன பயன்?

தேடும்போது இன்னொன்று: 2022 வகைப்பாட்டில் ஜூலிஃப்ளோரா, பல்லிடா உள்ளிட்ட அமெரிக்க இனங்கள் பெரும்பாலும் நெல்டுமா என்ற பேரினத்துக்குப் போய்விட்டன. வன்னி புரோசோபிஸாகவே நிற்கிறது. இரண்டு பெயரிலும் தேடாவிட்டால் பாதிப் பதிவு கண்ணில் படாது.

ஊர்ப்பெயரிலும் கவனம் வேண்டும். "கருவை" என்று கேட்டால் ஒருவர் நாட்டுக்கருவேலைக் காட்டுவார், இன்னொருவர் உடையைக் காட்டுவார். நாட்டுக்கருவேலுக்கு மஞ்சள் உருண்டைப் பூ, மணி கோத்தாற்போல் இடுங்கிய காய். உடைக்கு வெள்ளை உருண்டைப் பூ, சுருண்ட காய், குடை விரித்த தலை. சீமைக்கருவேலின் பூ விரல் நீளக் கதிர், காய் சதைப்பற்றோடு நீளமாகத் தொங்கும். பூவோ காயோ கையில் இல்லாமல் இலையை மட்டும் பறித்துக்கொண்டு வராதீர்கள்.

இனி நிஜமான முதல் படி, குரோமோசோம். இந்தக் கூட்டத்தின் பெரும்பாலான இனங்கள் இருமடி (குரோமோசோம் தொகுதி இரண்டு), 2என் = 28, அதாவது செல்லுக்கு 28 குரோமோசோம். ஜூலிஃப்ளோரா நாலுமடி (தொகுதி நாலு), 56. இரண்டும் கலந்தால் 42 வரலாம். இது தெரியாமல் பூர்வீகம் தேட இறங்கினால் எந்த நாட்டு மரங்களோடு ஒப்பிடுவது என்பதே முடிவாகாது: பல்லிடா என்றால் பெரு, எக்வடோர் கரைப்பக்கம், ஜூலிஃப்ளோரா என்றால் மெக்சிகோ தொடங்கி மத்திய அமெரிக்கா, கொலம்பியா, வெனிசுவேலா. 2003இல் வந்த ஆய்வு ஒன்று வெப்பமண்டல நாடுகளில் பரவிய மரங்களை இலை அளவையும் குரோமோசோம் மடியையும் சேர்த்துத்தான் பிரித்தது.

மடியை அறிய ஓட்ட அளவி (உட்கருவில் டிஎன்ஏ எவ்வளவு என்று அளக்கும் கருவி) உதவும். அதற்குப் பச்சை இலை வேண்டும். சிலிக்காவில் காய்ந்தது சரிவராது. ஈரத் தாளில் சுற்றி, 4° செல்சியஸில் வைத்து, மூன்று நாளுக்குள் ஓட்டிவிடுங்கள். 50 மி.கி. அளவு சிற்றிலையைத் தாங்கல் கரைசல் 1 மி.லி.யில் புது பிளேடால் நறுக்கி, 30 முதல் 40 மைக்ரான் நைலான் வலையில் வடித்து, புரோபிடியம் அயோடைடும் ஆர்என்ஏஸும் மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் வீதம் சேர்க்கவும். கரைசலில் 1 சதம் பிவிபி (ஃபீனாலைப் பிடிக்கும் பொருள்) போடாவிட்டால் இந்த இலையின் ஃபீனால்கள் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், சிகரம் அகன்று போகும். அளவுகோலாகத் தக்காளி இலையைக் கூடவே நறுக்குங்கள். குறைந்தது 5000 உட்கரு எண்ணி, சிகரத்தின் மாறுபாட்டுக் கெழு 5 சதத்துக்குள் இருந்தால்தான் எண்ணை நம்பலாம்.

அளவி கிடைக்காவிட்டால் வேர்நுனி. விதையைக் கீறி முளைக்கவைத்து, 1 செ.மீ. வேரை 0.002 மோலார் 8-ஹைட்ராக்சிகுயினோலினில் 3 முதல் 4 மணி நேரம் வைத்து, எத்தனால் 3 அசிட்டிக் அமிலம் 1 கலவையில் ஊறவிட்டு, 60 டிகிரியில் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக்கில் மெதுவாக்கி, அசிட்டோகார்மினில் நசுக்கிப் பாருங்கள். ஆனால் விதையில் எண்ணுவது பிள்ளையின் கணக்கு. தாய் மரத்தின் கணக்கு வேண்டுமென்றால் அளவிதான்.

ஐடிஎஸ் பற்றி: நாலுமடியில் ஐடிஎஸ் பல பிரதிகளாக, ஒன்றுக்கொன்று சற்று மாறுபட்டு இருக்கும். நேரடியாக வரிசை வாசித்தால் இரட்டைச் சிகரம், நடுவில் ஓர் எழுத்து கூடிக் குறைந்தால் அதற்குப் பிறகு முழுக்கக் குப்பை. படியாக்கம் (குளோனிங்) செய்து பிரிக்காமல் ஐடிஎஸ்ஸில் காசு போடாதீர்கள். பசுங்கணிகத்தின் டிஆர்என்எல்-எஃப், பிஎஸ்பிஏ-டிஆர்என்ஹெச் என்ற இரண்டு பகுதிகளும் உங்களுக்குத் தோது. பசுங்கணிகம் பொதுவாகத் தாய்வழி, ஆகவே விதை வந்த பாதையைக் காட்டும். மகரந்தம் வழியே நடந்த கலப்பு அதில் தெரியாது. அதற்கு உட்கரு மார்க்கர் தனியாக வேண்டும். பிஎஸ்பிஏ-டிஆர்என்ஹெச்சில் ஏ எழுத்தும் டி எழுத்தும் தொடர்ந்து வரும் இடங்களில் வாசிப்பு வழுக்கும். இரு திசையிலும் வாசியுங்கள். தலைகீழாகத் திரும்பிய சிறு துண்டு வந்தால் அதை ஐந்தாறு வேறுபாடாக எண்ணிவிடாதீர்கள், ஒரே நிகழ்வு அது.

சிலிக்காப் பை:

இலை கறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் காற்று இல்லை, பை. பறித்த இலையைப் பாலித்தீன் பையில் போட்டு மூடி, பேருந்தில் வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் உள்ளேயே வெந்துவிடும். ஃபீனால்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் எந்த வேதிப்பொருளாலும் பிரிக்க முடியாது.

காலை 9 மணிக்கு மேல், பனி காய்ந்த பிறகு பறியுங்கள். கிளை நுனியில் முழுதாக விரிந்த, ஆனால் இன்னும் தடிக்காத இலை. சேதுக்கரை, வாலிநோக்கம் போன்ற இடங்களில் இலை மேல் உப்பு படிந்திருக்கும். வடிநீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த தாளில் ஒற்றி எடுங்கள். கரிமூட்டம் போடும் இடத்துக்குப் பக்கத்து மரங்களில் சாம்பலும் கரித்தூளும் இருக்கும், பிசிஆர் படுத்துவிடும். அந்த மரத்தை விட்டுவிட்டுத் தள்ளிப் போவதே மேல்.

காம்பிலிருந்து சிற்றிலைகளை உருவி, தேயிலை வடிகட்டும் தாள்பையில் போடவும். அரை கிராம் இலைக்கு 5 கிராம் சிலிக்கா ஜெல், அதாவது எடையில் பத்து மடங்கு. நிறம் மாறும் சிலிக்காவில் ஆரஞ்சு வகையை வாங்குங்கள், நீலத்தில் கோபால்ட் குளோரைடு உண்டு. மறுநாள் காலைக்குள் இலை நொறுங்க வேண்டும். நொறுங்காமல் வளைந்தால் சிலிக்காவை மாற்றுங்கள். மழைக்காலத்து மண்டபம் காற்றில் மூடி திறந்த அரை மணியில் சிலிக்கா ஈரம் குடித்துவிடும்; அடுப்பில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம்.

மரம் தேர்வுதான் பலர் கோட்டைவிடும் இடம். சீமைக்கருவேல் தன் மகரந்தத்தால் காய்ப்பது அரிது, ஆகவே கலப்பு அதிகம், ஒவ்வொரு விதையும் வேறு வேறு. ஆனால் ஆடு ஒரு மரத்துக் காயைத் தின்று ஓர் இடத்தில் புழுக்கை போட்டால், அங்கே முளைக்கும் கூட்டம் முழுக்க ஒரு தாய் மக்கள். கிடை போட்ட வயல், பட்டி இருந்த இடம், கண்மாய்க்கரையில் மாடு படுக்கும் நிழல் இவற்றில் அடுத்தடுத்த மரங்களில் எடுத்தால் 20 மரம் எடுத்தும் நாலு குடும்பம்தான் தேறும். கரிக்கு வெட்டித் துளிர்த்த தூரில் பத்துக் கிளை நிற்கும், பத்தும் ஒரே மரம். மரத்துக்கு மரம் 50 மீட்டர் இடைவெளி விடுங்கள். ஓர் இடத்தில் 24 மரம். 5 மரத்தில் அல்லீல் (ஒரே மரபணு இடத்தின் மாற்று வடிவம்) அலைவெண் என்று எதையும் கணக்கிட முடியாது.

ஒரு மரத்துக்கு ஓர் எண், இலைப்பையிலும் ஏட்டிலும் அதே எண். ஜிபிஎஸ் அளவு ஐந்து தசம இடம் வரை. இடத்துக்கு இரண்டு மரத்திலாவது பூ, காய், முள்ளோடு கிளை அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, பதிவு எண் தரும் மூலிகையகம் (உலர்த்திய தாவரத் தாள்களைக் காக்கும் இடம்) ஒன்றில் ஒப்படைக்கவும். பெயர் மறுபடி மாறும்போது உங்கள் வரிசைக்கு அடையாளம் அந்தத் தாள்தான். கோவையில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தென்வட்ட மூலிகையகம், திருச்சியில் ராபினட் மூலிகையகம் இரண்டும் நமக்குக் கிட்டே.

டிஎன்ஏ பிரிக்க, 20 மி.கி. காய்ந்த இலை போதும். அதிகம் போட்டால் அதிகம் வரும் என்று 100 மி.கி. போடுவது வழக்கமான தவறு. கோந்துதான் அதிகம் வரும். இடித்த தூளை முதலில் சார்பிட்டால் கரைசலில் (0.35 மோலார் சார்பிட்டால், 100 மில்லிமோலார் டிரிஸ், 5 மில்லிமோலார் ஈடிடிஏ, 1 சதம் பிவிபி, பயன்படுத்தும்போது 1 சதம் மெர்காப்டோஎத்தனால்) 1 மி.லி. சேர்த்துக் கலக்கிச் சுழற்றி, மேல்நீரைக் கொட்டுங்கள். நீர் பிசுபிசுப்பாக இருந்தால் இன்னொரு தடவை. பிறகு சிடிஏபி கரைசல்: சிடிஏபி 2 சதம், உப்பு 1.4 மோலார், டிரிஸ் 100 மில்லிமோலார் பிஹெச் 8, ஈடிடிஏ 20 மில்லிமோலார், பிவிபி 2 சதம். இதில் 700 மைக்ரோலிட்டர், 65 டிகிரியில் 45 நிமிடம், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கவிழ்த்துக் கலக்கவும். குளோரோஃபார்ம், ஐசோஅமைல் ஆல்கஹால் 24:1 சம அளவு, இரண்டு தடவை. மேல்நீரில் பாதி அளவு 5 மோலார் உப்புக் கரைசல் சேர்த்த பிறகே ஐசோபுரோபனால், 0.7 மடங்கு. உப்பு கூடினால் கோந்து கரைசலிலேயே தங்கும், டிஎன்ஏ மட்டும் இறங்கும். 70 சத எத்தனாலில் இருமுறை கழுவி, 50 மைக்ரோலிட்டர் டிஇ தாங்கல் கரைசலில் கரைக்கவும். மெர்காப்டோஎத்தனாலை எடுக்கும் எல்லா வேலையும் புகைபோக்கியின் கீழ்.

முகவைத் தாவரம்:

மிக்க நன்றி. சோதனைக்கு உச்சிப்புளியில் 8 மரம் எடுத்துப் பார்த்தோம். மூன்றில் டிஎன்ஏ பழுப்பாக வருகிறது, ஜெல்லில் பட்டை தெரிகிறது, ஆனால் பிசிஆர் ஆகவில்லை. ஒன்று குழாயின் அடியில் ஜெல்லி மாதிரி நிற்கிறது, பிப்பெட்டில் ஏறவே மாட்டேன் என்கிறது. ஆன மாதிரிகளில் நுண்துணைக்கோள் (சிறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ பகுதி) பிரைமர் ஒன்றை முயன்றோம். ஒரே மரத்தில் மூன்று சிகரம், ஒன்றில் நாலு. மாதிரிகள் கலந்துவிட்டனவா?

சிலிக்காப் பை:

பழுப்பு என்றால் ஃபீனால், ஜெல்லி என்றால் கோந்து. இரண்டுக்கும் மருந்து வேறு. பழுப்பு மாதிரியை 10 மடங்கு, 50 மடங்கு நீர்த்து அதே பிசிஆரை ஓட்டுங்கள். நீர்த்ததில் பட்டை வந்தால் தடைப்பொருள்தான் காரணம், டிஎன்ஏ நன்றாக இருக்கிறது. 25 மைக்ரோலிட்டர் வினையில் 10 முதல் 20 நானோகிராம் டிஎன்ஏ, மைக்ரோலிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம் வீதம் பிஎஸ்ஏ புரதம் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும். நீர்த்தும் வராவிட்டால் அந்த மரத்தை மறுபடி பறிக்க வேண்டியதுதான். ஜெல்லி மாதிரிக்கு டிஇ 200 மைக்ரோலிட்டர் ஊற்றி, 55 டிகிரியில் கரைத்து, 5 மோலார் உப்போடு மறுபடி வீழ்படிவாக்குங்கள். நானோட்ராப் ஒளி அளவியில் 260/280 மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். கோந்து, ஃபீனால், மிச்ச உப்பு எல்லாம் 260/230இல்தான் காட்டிக்கொடுக்கும், 1.5க்குக் கீழே இருந்தால் சிக்கல்.

நாலுமடி:

மூன்று, நாலு சிகரம் கலப்படம் இல்லை, மரம் நாலுமடி என்பதற்கு நல்ல அறிகுறி. ஓர் இடத்தில் நாலு அல்லீல் வரை இருக்கலாம். ஐந்து வந்தால்தான் பயப்பட வேண்டும்.

சிக்கல் அதன் பிறகு. மூன்று சிகரம் என்றால் எந்த அல்லீல் இரண்டு தடவை இருக்கிறது? சிகர உயரத்தை வைத்துச் சொல்ல முயலாதீர்கள், சிறிய துண்டு பெரும்பாலும் உயரமாகப் பெருகும். இருக்கிறது, இல்லை என்று மட்டும் குறித்து, பாலிசாட் போல நாலுமடிக்கென்று எழுதிய மென்பொருளில் போடுங்கள். இருமடிக் கணக்குப் போட்டு ஹார்டி-வெயின்பர்க் சோதனை செய்து "பொருந்தவில்லை" என்று எழுதிய ஆய்வேடுகள் உண்டு. பொருந்தாது, பொருந்த வழியே இல்லை. நிழல்சிகரத்தையும் (ஓர் எழுத்து கூடிக் குறைந்து வரும் பொய்ச் சிகரம்) நிஜ அல்லீலையும் பிரிக்க, கடைசி நீட்சியை 60 டிகிரியில் 30 நிமிடம் விடுங்கள். மாதிரிகளில் பத்தில் ஒன்றை டிஎன்ஏ பிரிப்பதில் தொடங்கி மறுபடி செய்து பிழை விகிதம் எழுதுங்கள்.

இருமடி இனங்களான சிலென்சிஸ், ஃபிளெக்சுவோசாவுக்கு 2005இல் வந்த நுண்துணைக்கோள் பிரைமர்கள் இதிலும் ஓடும், ஆனால் எல்லாம் ஓடாது. பத்து வாங்கினால் ஆறு தேறும் என்று வைத்துக்கொண்டு பட்ஜெட் போடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. நுண்துணைக்கோள் அளவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். உங்களுக்கு 182 எழுத்து நீளம் என்று வரும் துண்டு, வேறொருவருக்கு 184 ஆக இருக்கும். வெளிநாட்டு ஆய்வில் அச்சான அல்லீல் அட்டவணையை எடுத்து உங்களுடையதோடு ஒட்டிவிட முடியாது. இரு பக்கமும் ஓடிய பொதுவான மாதிரி இரண்டு மூன்று வேண்டும். பசுங்கணிக வரிசைக்கு இந்தத் தொல்லை இல்லை, எழுத்து எங்கும் எழுத்துதான். எட்டு மாதத்தில் முடிக்க வேண்டியவருக்குப் பசுங்கணிகம் முதலில், நுண்துணைக்கோள் நேரம் இருந்தால். டிடிராட் முறைக்கு (மரபணுத்தொகையை நொதியால் வெட்டிப் பல இடங்களில் வாசிப்பது) ஆசைப்பட்டால் நாலுமடிக்கு ஒவ்வோர் இடத்திலும் 40 மடங்கு வாசிப்பாவது வேண்டும். இருமடி மரத்துக்குச் சொல்லும் 10, 15 மடங்கில் ஒரு பிரதி அல்லீல் காணாமல் போய்விடும்.

பழைய தாள்:

ஜமைக்கா கேள்விக்கு வருகிறேன். சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் 1876இல் விதை கேட்டு எழுதியதும், கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் 1870களின் கடைசியில் நட்டதும் இந்த மரத்தின் இந்திய வரலாற்றில் வழக்கமாகச் சொல்லப்படும் தொடக்கம். விதை ஜமைக்காவில் இருந்து வந்தது என்பதும் அதோடு சேர்ந்தே வரும். சரி, சோதிக்கலாம். ஆனால் ஜமைக்காவில் அந்த மரம் பூர்வீகக்காரனா, கண்டத்தில் இருந்து போனதா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஹேப்லோடைப்பு (பசுங்கணிக வரிசையின் வகை) ஜமைக்காவிலும் வெனிசுவேலாவிலும் ஒன்றாகவே கிடைத்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. "கரீபியன் அல்லது தென் அமெரிக்காவின் வடகரை" என்று எழுதி நிறுத்த வேண்டும்.

இன்னொரு பக்கம், ராமநாதபுரத்து மரம் கடல் தாண்டி நேராக இங்கே வந்திருக்கத் தேவையே இல்லை. கடப்பையில் இருந்தோ, விறகுக் காட்டுக்கு விதை கொடுத்த வேறு மாவட்டத்தில் இருந்தோ வந்திருக்கலாம். குஜராத் பக்கத்து மரங்களுக்கு வேறு வரலாறு. ஆகவே ஆறு இடத்தையும் இந்தக் கரையிலேயே எடுப்பது வீண். இங்கே மூன்று போதும்: பாக் நீரிணைப் பக்கம் தொண்டி, மன்னார் வளைகுடாப் பக்கம் வாலிநோக்கம், உள்ளே முதுகுளத்தூர் கண்மாய் ஒன்று. மிச்ச மூன்றில் ஒன்று கமலாபுரம், ஒன்று கட்ச், முடிந்தால் ஒன்று இலங்கையின் மன்னார் தீவு. தொண்டிக்கும் உச்சிப்புளிக்கும் வித்தியாசம் பார்த்து என்ன செய்யப் போகிறோம்? நடுவில் ஆடு நடந்தே போய்விடும்.

பூர்வீக நாட்டு மாதிரி இல்லாமல் ஒன்றும் நகராது. அதற்காக விதை வரவழைக்காதீர்கள். இன்னொரு அறிமுகத்துக்கு நாமே வழி செய்தது போலாகும். காய்ந்த இலைத் துண்டு, இல்லாவிட்டால் அங்கேயே வாசித்த வரிசை, இரண்டில் ஒன்று. பெரிய மூலிகையகங்கள் தாளில் இருந்து சிறு துண்டு தர எழுத்தில் கேட்க வேண்டும், தர மறுக்கவும் செய்வார்கள். பழைய தாளில் டிஎன்ஏ துண்டு துண்டாக இருக்கும். 200 எழுத்துக்குள் அடங்கும் சிறு பகுதிகளாகப் பிரைமர் வடிவமைத்து, பசுங்கணிகத்தை மட்டும் முயலுங்கள். அந்த வேலையைப் புது இலை இடிக்கும் மேசையில் செய்யக் கூடாது. புது இலையின் தூசி ஒன்று விழுந்தால் 1880 தாள் உச்சிப்புளி மரமாகிவிடும். நம் மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். 2002 சட்டம், களைக்கு விலக்கு என்று நினைத்து அனுப்பிவிட வேண்டாம். மூல நாட்டில் நகோயா உடன்படிக்கை விதிகளும் இருக்கலாம்.

"விமானத்தில் இருந்து விதை தூவினார்கள்", "இன்னார் காலத்தில் வந்தது" என்ற பேச்சு எல்லாம் நேர்காணலில் வரும். குறித்துக்கொள்ளுங்கள். மரபணு அதை மெய்யாக்கவும் செய்யாது, பொய்யாக்கவும் செய்யாது. விதை எங்கே இருந்து வந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. யார் கொண்டுவந்தார், எந்த ஆண்டு என்பதற்கு ஆவணம்தான்.

பூச்சி பற்றிய முன்னுரை எழுதலாம், காரணத்தோடு எழுதுங்கள். நம் சீமையிலேயே உதாரணம் இருக்கிறது. சாயத்துக்கான கொச்சினீல் பூச்சி என்று நினைத்து 1795இல் பிரேசிலில் இருந்து கொண்டுவந்தது டாக்டைலோபியஸ் சிலோனிகஸ் என்ற வேறு பூச்சி. சாயம் தேறவில்லை, ஆனால் ஒரு வகைக் கள்ளியை அது தின்று தீர்த்தது. தென்னாட்டில் காடாகக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை அது தொடவே இல்லை. அதற்கு வட அமெரிக்கப் பூர்வீகம் கொண்ட டாக்டைலோபியஸ் ஓபன்ஷியே 1926இல் இலங்கை வழியாக வர வேண்டியிருந்தது. வந்த பிறகு கள்ளிக்காடு சரிந்தது. இரண்டும் பார்வைக்கு ஒரே வெள்ளைப் பஞ்சு, தின்னும் கள்ளி வேறு. சால்வினியா என்ற மிதக்கும் நீர்க்களையிலும் இதே கதை: ஆரிகுலேட்டா என்று நினைத்து அதன் மேல் இருந்த வண்டை விட்டார்கள், பலிக்கவில்லை. 1972இல் அது மொலஸ்டா என்ற தனி இனம் என்று தெளிந்து, தென்கிழக்கு பிரேசிலில் அதன் சொந்த இடத்தைத் தேடிப் போய் எடுத்த வண்டுதான் வேலை செய்தது.

சீமைக்கருவேலுக்கு ஒரு சிக்கல் கூடுதல். தென்னாப்பிரிக்காவில் 1987இல் விட்டது விதைவண்டு, காரணம் மரத்தை விறகுக்கும் நிழலுக்கும் வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். ஆஸ்திரேலியா இலை தின்னும் பூச்சியையும் விட்டது. நம் மாவட்டத்தில் கரிமூட்டத்தை நம்பிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். வன்னி நெருங்கிய உறவு, அதைத் தொடாத பூச்சி என்று நிரூபிக்க வேண்டும். முன்னுரையில் இந்த இரண்டையும் விட்டுவிட்டால் தேர்வாளர் முதல் கேள்வியே அங்கே கேட்பார்.

குருசடைப் பாசி:

மரத்தை விட்டுக் கொஞ்சம் கடலுக்குள் வாருங்கள், ஒப்பீட்டுக்கு உதவும். மண்டபம் பக்கம் மூங்கில் தெப்பத்தில் வளர்க்கும் கப்பாபைக்கஸ் அல்வரேசி என்ற கடற்பாசி, குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்தது 2008இல் பதிவானது. அதன் பூர்வீகம் தேடுவது உங்கள் வேலைக்கு நேர் எதிர். தெப்பத்தில் விதை கிடையாது, துண்டு ஒடித்துக் கட்டுகிறார்கள். உலகம் முழுக்க வளர்ப்பில் இருப்பது பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் வழி வந்த ஒரே மைட்டோகாண்ட்ரிய வகை. காக்ஸ்2-3 இடைப்பகுதியை வாசித்தால் குருசடைப் பாசியும் தெப்பத்துப் பாசியும் ஒன்றே என்று வரும். அது "இந்தத் தெப்பத்தில் இருந்து பரவியது" என்பதற்குச் சாட்சி ஆகாது, இந்தோனேசியத் தெப்பத்திலும் அதே எழுத்துதான். வேறுபாடே இல்லாத இடத்தில் ஒற்றுமைக்கு மதிப்பில்லை. உங்கள் பசுங்கணிகத்திலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: பூர்வீக நாடுகளுக்குள்ளேயே அந்தப் பகுதி மாறுபடுகிறதா? மாறுபடாவிட்டால் வேறு பகுதிக்குப் போங்கள். பாசியில் யாராவது முயல்வதென்றால், தீவுகள் கடல் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, வனத்துறை அனுமதி இல்லாமல் துண்டு கூட எடுக்கக் கூடாது.

முகவைத் தாவரம்:

திட்டத்தை மாற்றிவிட்டோம். தொண்டி, வாலிநோக்கம், முதுகுளத்தூர், கமலாபுரம், கட்ச், ஐந்து இடம், இடத்துக்கு 24. எல்லாவற்றிலும் டிஆர்என்எல்-எஃப், பிஎஸ்பிஏ-டிஆர்என்ஹெச். இடத்துக்கு ஐந்து மரம் ஓட்ட அளவி. அமெரிக்க வரிசைகளில் மூலிகையகத் தாள் எண் உள்ளவற்றை மட்டும் ஒப்பீட்டுக்கு எடுக்கிறோம். தொண்டி மாதிரிகளை முதல் 96 குழித் தட்டில், வாலிநோக்கத்தை அடுத்ததில் என்று இடவாரியாக ஓட்டினால் குழப்பம் இருக்காது என்று நினைக்கிறோம்.

நாலுமடி:

கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. இடவாரியாக ஓட்டாதீர்கள். ஒரு தட்டில் நொதி சற்று வலுவிழந்திருந்தால், அல்லது ஒரு நாள் கை தவறி மாசு விழுந்திருந்தால், அது தொண்டிக்கும் வாலிநோக்கத்துக்கும் உள்ள வித்தியாசமாக முடிவில் வந்து நிற்கும். பின்னால் பிரிக்கவே முடியாது. ஐந்து இட மாதிரிகளையும் கலைத்து, 120 எண்ணைச் சீட்டு எடுத்து, இரண்டு தட்டில் பரப்புங்கள். தட்டுக்கு இரண்டு வெற்றுக் குழி, அதில் ஒன்று டிஎன்ஏ பிரிக்கும் கட்டத்திலேயே இலை போடாமல் தொடங்கியது. ஆறு மறுசோதனை மாதிரிகள் இரண்டு தட்டிலும் இருக்கட்டும். எந்தக் குழியில் எந்த மரம் என்ற ஏட்டை ஓட்டும் முன்பே எழுதி, இன்னொருவரிடம் ஒரு படி கொடுத்து வையுங்கள்.

சிலிக்காப் பை:

தட்டைத் திருப்பி வைத்துவிட்டால் ஏ1, ஹெச்12 ஆகிவிடும். வெற்றுக் குழியை நடுவில் வைக்காமல் ஒரு மூலைக்குப் பக்கத்தில், எதிர்மூலையோடு ஒத்துப்போகாத இடத்தில் வையுங்கள். திரும்பியிருந்தால் ஜெல்லிலேயே தெரிந்துவிடும்.